அதே இடத்தில் மறுபடி வரும் கொப்புளம்

தானாகவே பத்து நாளில் ஆறிவிடுகிற நோய்க்கு எந்த வைத்தியம் செய்தாலும் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன், போயிடுச்சு என்பார்கள். இளநீரில் அடங்கிவிட்டது, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ரெண்டு மாசம் கழித்து மறுபடியும் வரும். மறுபடியும் எண்ணெய்க் குளியல், மறுபடியும் ஆறும். பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பீஸ் என்ற வைரஸ் தொற்று இவ்வளவு பரவலாக இருந்தும், இருப்பவர்களுக்கே அது தெரியாமல் போவதற்கு வெட்கத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். உடம்பு சூடு என்ற ஒரே பதிலில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நானும் என் மனைவியும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம், ரெண்டு பேருமே பார்மசி படித்தவர்கள். டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற கடைகளில்தான். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அண்ணே, சூட்டுக் கொப்புளத்துக்கு ஏதாச்சும் க்ரீம் குடுங்க" என்பார்கள். எங்கே என்று கேட்டால் தொடைப் பக்கம் என்று பதில் வரும். இந்தத் தொடைப் பக்கம் என்பது இடுப்புக்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம். ஷேவ் பண்ணும்போது பிளேடு வெட்டிவிட்டது, ஜட்டி உரசிவிட்டது, பைக்கில் ரொம்ப தூரம் போனேன் என்று காரணமும் கூடவே வரும். பெண்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள், "அக்கா இல்லையா?" என்பார்கள். என் மனைவியிடம் சொல்வது பெரும்பாலும் நீர்க்கடுப்பு என்றுதான். அவள் ஒரு கேள்வி கேட்பாள்: எரிச்சல் உள்ளே இருக்கிறதா, இல்லை வெளியே மூத்திரம் படுகிற இடத்தில் சுருக்கென்று எரிகிறதா? இரண்டாவது என்றால் அது வெறும் நீர்க்கடுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு, அங்கே தோலில் எங்கோ புண் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 84.6 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ் தொற்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, "நம்ம ஊர்ல அதெல்லாம் இல்ல சார்" என்பார்கள். இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே தெரியாது, அல்லது தெரிந்தும் வேறு எதுவோ என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கிலேயே, இந்த வைரஸ் இருந்தவர்களில் 100க்கு 87 பேருக்கு டாக்டர் யாரும் அதுவரை அதைச் சொன்னதில்லை.

ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், சுருக்கமாக எச்.எஸ்.வி., ரெண்டு வகை. எச்.எஸ்.வி. 1 பெரும்பாலும் வாயைச் சுற்றி வருவது. காய்ச்சல் வந்து போனதும் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருமே, அதேதான். சின்ன வயதில் மாமா, அத்தை, பாட்டி கொஞ்சி முத்தம் கொடுத்ததிலேயே பலருக்கு வந்துவிடும், அதில் பாலுறவுக்கு வேலையே இல்லை. எச்.எஸ்.வி. 2 பாலுறவு வழியாகப் பரவுவது, இடுப்புக்குக் கீழே இருப்பது. ஆனால் வாய்வழி உறவில் முதல் வகையும் கீழே வரும். உதட்டில் கொப்புளம் இருந்தவர், தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டே தன் துணைக்குக் கொடுத்திருப்பார். அவர் சொல்வது உண்மையும்கூட.

முதல் முறை வரும்போது சிலருக்குப் படுத்தி எடுத்துவிடும். தொற்றிய 2 நாளிலிருந்து 12 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்பு அடித்துப் போட்டது மாதிரி வலி, தொடை இடுக்கில் நெறி கட்டி நடக்கவே கஷ்டம். பிறகு சிவந்த தோலின் மேல் சின்னச் சின்னதாக நீர் கோத்த கொப்புளங்கள், ஒன்று ரெண்டு அல்ல, கொத்தாக. அவை உடைந்து மேலோட்டமான புண்களாகும், தொட்டால் உயிர் போகும். ஆண்களுக்கு ஆண்குறியில், விதைப்பை மேல், சில சமயம் ஆசனவாயைச் சுற்றி. பெண்களுக்கு வெளிப்புற உதடுகளிலும் உள்ளேயும் கருப்பை வாயிலும் வரலாம். ஈரமான இடத்தில் கொப்புளம் நிற்காது, வந்த வேகத்தில் உடைந்துவிடும், அதனால் பல பெண்கள் கொப்புளத்தையே பார்த்திருக்க மாட்டார்கள், நேராகப் புண்ணைத்தான் பார்ப்பார்கள், "கொப்புளம் எல்லாம் இல்லக்கா" என்று சத்தியம் செய்வார்கள். காய்ந்த தோலில் வந்தது பொருக்குத் தட்டும். எல்லாம் ஆற 2 முதல் 4 வாரம் ஆகலாம். இந்த நாட்களில் மூத்திரம் போவதே பயமாகிவிடும், வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் குறையும். எவ்வளவு முக்கியும் மூத்திரமே வரவில்லை என்றால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிலருக்கு இந்த வைரஸ் அங்குள்ள நரம்புகளைத் தாக்கி மூத்திரத்தை அடைத்துவிடும்.

இணையத்தில் ஹெர்ப்பீஸ் என்று தேடினால் இந்த மாதிரி உக்கிரமான படங்கள்தான் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு, எனக்கு அப்படி இல்லையே, அப்போ இது அது இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவது ஒரு நகக்கீறல் அளவுக்குத்தான். மடிப்பில் ஒரு மெல்லிய வெடிப்பு, ஒரே ஒரு சிவந்த புள்ளி, ரெண்டு நாள் அரிப்பு. பிளேடு வெட்டு என்று ஒருவர் சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஷேவ் பண்ணாத மாதத்திலும் அதே இடத்தில் அதே வெட்டு வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இந்த "அதே இடம்" என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்பது. முதல் தடவை ஆறியதும் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு வழியாக மேலே ஏறி, முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், மாதவிடாய், தூக்கம் கெட்டது, மன அழுத்தம், உராய்வு என்று ஏதோ ஒன்றில் விழித்துக்கொண்டால் வந்த வழியாகவே தோலுக்கு இறங்கும். அதனால்தான் அதே சுற்றுவட்டாரத்தில் வருகிறது. இறங்கும்போதே பலருக்குத் தெரிந்துவிடும், கொப்புளம் வருவதற்குச் சில மணி நேரம் முன்னாலிருந்து ஒன்றிரண்டு நாள் முன்னால் வரை அந்த இடத்தில் ஊறல், குறுகுறுப்பு, எரிச்சல், அல்லது புட்டத்திலிருந்து தொடைக்கு மின்சாரம் மாதிரி இழுக்கும் வலி. நரம்பு பிடிச்சிருக்கு என்று இதற்கும் தைலம் வாங்கிப் போகிறார்கள். ரெண்டு நாள் கழித்து வந்த கொப்புளத்தையும் முன்பு வந்த இழுப்பையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, ஏன் பார்க்க வேண்டும், ஒன்று நரம்பு, ஒன்று சூடு.

மறுமுறை வருவது முதல் முறையைவிடப் பெரும்பாலும் லேசானது. பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, கொப்புளம் கொஞ்சமாக, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். எச்.எஸ்.வி. 2 என்றால் முதல் வருடத்தில் நாலைந்து தடவை வருவது சகஜம், வருடங்கள் போகப்போகக் குறையும். கீழே வந்தது எச்.எஸ்.வி. 1 என்றால் முதல் வருடம் ஒரு தடவை வந்தால் உண்டு, அப்புறம் அபூர்வம். எந்த வகை என்று தெரிந்துகொள்வதில் இந்த ஒரு லாபம் இருக்கிறது.

இன்னொன்று, இடம் என்றால் பிறப்புறுப்பு மட்டும் இல்லை. புட்டத்தில், இடுப்பில், தொடையின் பின்பக்கத்தில்கூட வரும், ஒரே நரம்புக் கூட்டம்தான் அங்கெல்லாம் போகிறது. அப்படி வந்தால் நம்மிடம் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: அக்கி. உடனே குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, என் பாட்டிக்கு எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கியும் தானாக ஆறுகிற சமாச்சாரம்தான், பெயர் காவிக்குப் போகிறது. அக்கி என்பது சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் பல வருடம் கழித்துத் திரும்ப எழுவது, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை மாதிரி வரும், பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரே தடவைதான். அதனால் வருஷத்துக்கு ரெண்டு தடவை புட்டத்தில் அக்கி வருகிறது என்று ஒருவர் சொன்னால், அது அக்கியாக இருப்பதைவிட ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, அதே இடத்தில் மறுபடி வருவது எல்லாமே ஹெர்ப்பீஸா என்றால் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வில்லன் உண்டு, மாத்திரை ஒவ்வாமை. சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு மாத்திரை போட்டால், போட்ட சில மணி நேரத்தில் ஆண்குறியின் நுனியிலோ உதட்டிலோ வட்டமாகச் சிவந்து, கொப்புளித்து, புண்ணாகும். மறுபடி அதே மாத்திரை போட்டால் அச்சு மாறாமல் அதே இடத்தில் வரும். ஆறியபின் கறுத்த தழும்பு தங்கிவிடும். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சில கூட்டு மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் இதைச் செய்யும். ஹெர்ப்பீஸ் பொதுவாக இப்படிக் கறுப்பு வட்டம் விட்டுவைக்காது. வருவதற்கு முந்தின நாள் ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும், அவிழ்ந்து ஒரு குடும்பச் சண்டையே நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றைப் பிரிப்பது அவ்வளவு சிரமமில்லை. முடி வேரில் வரும் கட்டியின் நடுவில் ஒரு முடி இருக்கும், சீழ் வைக்கும். படர்தாமரை வட்டமாக ஓரம் தடித்துப் பரவும், அரிப்புதான் பிரதானம், பத்து நாளில் போகாது. பாலுண்ணி மாதிரி, பூக்கோசு மாதிரி மேலே வளர்வது வேறு வைரஸ், எச்.பி.வி., அதில் வலியோ புண்ணோ பொதுவாக இருக்காது. நான் உண்மையில் பயப்படுவது சிபிலிஸை, அதாவது மேகப்புண். பெரும்பாலும் ஒரே புண், அடிப்பகுதி கெட்டியாக, வலியே இல்லாமல். அதுவும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும், ஆறியபின் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், விட்டுவிட்டால் பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் பிடிக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசியில் முழுசாகக் குணமாகும். வலிக்காத புண்ணைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறேன். எந்தப் புண்ணாக இருந்தாலும் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஹெர்ப்பீஸ் வந்தால் எய்ட்ஸ் என்று அர்த்தமில்லை, ஆனால் எச்.எஸ்.வி. 2 இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு அதிகம்.

கடையில் கேட்கும் க்ரீம் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த ட்யூப்புகள் நம்ம நாட்டில் தண்ணீராக விற்கின்றன. ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பும் அரிப்பும் ஒரே நாளில் குறையும், நல்லாக் கேக்குது என்று அடுத்த தடவையும் அதையே வாங்குவார்கள். வைரஸுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி குறைவது அதற்கு வசதிதான். டாக்டர் பார்க்கும்போது தோல் மங்கி, என்னவென்றே தெரியாத நிலைக்கு வந்திருக்கும். சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுப்பதில்லை, அதனால் எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்கள். ஹெர்ப்பீஸ் வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை க்ரீமாகக் கேட்டு வருபவர்களும் உண்டு, பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பீஸுக்கு மேலே பூசுவதால் பெரிய பலன் இல்லை. மாத்திரைதான் மருந்து.

அசைக்ளோவிர் மாத்திரை ஒரு அழகான கண்டுபிடிப்பு, இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. அது உடம்புக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வைரஸ் புகுந்த செல்லில் மட்டும்தான், அதுவும் அந்த வைரஸ் தயாரிக்கும் ஒரு நொதியாலேயே தூண்டப்பட்டு வேலையைத் தொடங்கும். மற்ற செல்களை அவ்வளவாகத் தொடாது. இது உருவான ஆய்வகத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் முறை வந்தால் வழக்கமாக 400 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு பலன், மறுமுறை வரும்போது ஊறல் தெரிந்த அன்றைக்கே தொடங்கினால் கொப்புளம் வராமலேகூடப் போகலாம். அடிக்கடி வருபவர்களுக்கு டாக்டர்கள் தினமும் எடுக்கச் சொல்வார்கள், அதில் வருகை 70, 80 சதவீதம் குறைகிறது. 2004இல் வந்த ஆய்வு ஒன்றில், உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறும் வாலசைக்ளோவிரை தினமும் 500 மி.கி. எடுத்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆனால் நரம்பு முடிச்சில் தூங்குகிற வைரஸை எந்த மாத்திரையும் ஒன்றும் செய்ய முடியாது, அடியோடு குணமாக்குகிறேன் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் உட்பட யாராலும் முடியாது. அவர்களுக்கும் பத்து நாளில் பெயர் கிடைத்துவிடுகிறது, அதுதான் கொடுமை.

பரிசோதனையில் நடக்கிற குழப்பம் தனிக் கதை. சரியான பரிசோதனை, புண் புதிதாக இருக்கும்போது, முடிந்தால் வந்த ஒன்றிரண்டு நாளுக்குள், அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பார்ப்பது. ஆறிப்போன பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்தப் பரிசோதனை வேறு மாதிரி, வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அது பார்க்கும். அதில் ஐஜிஎம் என்று ஒரு வகையை எழுதுவார்கள், ஹெர்ப்பீஸில் அதை வைத்துப் புதுத் தொற்றா பழைய தொற்றா என்று நம்பகமாகச் சொல்ல முடியாது. இன்னொரு வகையான ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், வகை பிரிக்காத பரிசோதனை என்றால் உதட்டுக் கொப்புளக்காரர்கள் எல்லோருக்குமே பாசிட்டிவ் வரும். தொற்றிய புதிதில் எடுத்தால் நெகட்டிவ் காட்டும், எதிர்ப்பொருள் உருவாக 12 வாரம் வரைகூட ஆகலாம். கரு கலைந்த பெண்களுக்கு, கருவைப் பாதிக்கும் பல தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் டார்ச் பரிசோதனை என்று மொத்தமாக எழுதிக்கொடுக்கிறார்களே, அதில் ஹெர்ப்பீஸும் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரியில் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கதையை என் மனைவி ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அது ஆறு வயதில் பாட்டி கொடுத்த முத்தமாக இருக்கலாம்.

"யார்கிட்டேருந்து வந்துச்சு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து முதல் தடவையாகக் கொப்புளம் வந்தது என்றால், யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. பல வருடம் தூங்கிக் கிடந்தது இப்போது வெளியே வந்திருக்கலாம். புண் இல்லாத நாட்களிலும் வைரஸ் தோலுக்கு வந்து போகும். 2011இல் வந்த ஓர் ஆய்வில், அறிகுறியே இல்லாத எச்.எஸ்.வி. 2 காரர்களிடம் பத்தில் ஒரு நாள் வைரஸ் வெளிப்பட்டது. பெரும்பாலான தொற்று இப்படித்தான் நடக்கிறது, கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆணுறை தொற்றைக் குறைக்கும், ஆனால் மூடாத தோலில் இருப்பதை அது தடுக்காது. ஊறல் தொடங்கிய நாளிலிருந்து புண் முழுசாக ஆறும்வரை உறவு வேண்டாம், ஆணுறை இருந்தாலும்.

கர்ப்பிணிகள் இதை மறைக்கவே கூடாது. பழைய தொற்று உள்ள பெண்ணிடமிருந்து குழந்தைக்குப் போவது அபூர்வம், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் காவலாக இருக்கும். கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து, பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை சொல்கிறார்கள், பிறந்த குழந்தைக்கு இது உயிர்போகிற நோய். முன்பே சொல்லிவிட்டால் 36ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள், வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள், குழந்தை பத்திரமாக இருக்கும். அப்புறம், உதட்டில் கொப்புளத்தோடு பிறந்த குழந்தையைப் பார்க்க வந்து முத்தம் கொடுக்கிற உறவினரைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் தடுத்துவிடுங்கள். பெரியவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தனியார் டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு இது தினப்படி வேலை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அரசு பால்வினை நோய் மையங்களில் நிறம் நிறமாக மருந்துப் பொட்டலங்கள் வைத்திருப்பார்கள், ஹெர்ப்பீஸ் புண்ணுக்கானது சிவப்பு, உள்ளே இருப்பது இதே அசைக்ளோவிர் 400, இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, அதுவும் இலவசம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 1097க்கு போன் செய்யுங்கள், காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் பெரும்பாலும் புண் ஆறிப்போயிருக்கும், அது இந்த நோயின் குசும்பு. அதனால் வந்த அன்றைக்கே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் தேதி தானாகப் பதிந்துவிடும், அடுத்த தடவை வந்தால் அதையும் எடுங்கள், கூடவே முந்தின ரெண்டு நாளில் என்ன மாத்திரை போட்டீர்கள், ஊறல் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று குறித்து வையுங்கள். ரெண்டு போட்டோவில் ஒரே இடம் என்றால் டாக்டருக்கு அதுவே நல்ல துப்பு. எங்கள் கவுண்டரில் மட்டும் அந்தப் போட்டோவை நீட்டாதீர்கள், பக்கத்தில் யாராவது இருமல் சிரப்புக்கு நின்றுகொண்டிருப்பார்கள்.